பூட்டிய கதவு யாருக்கு?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் இக்கூட்டத்தை அமைத்திருக்கிறீர்கள். ஏன் ஞாயிறு? ஏன் மாலை? திங்கட்கிழமை காலை 11 மணிக்கு இதே கூட்டத்தை அமைத்திருந்தால், பேசுவதற்கு நான் வந்திருப்பேன். கேட்பதற்கு நீங்கள் வந்திருக்கமாட்டீர்கள். நாற்காலிகள்தாம் கேட்டிருக்கும்! ஆலையிலும் பட்டறையிலும், கடையிலும் கட்டடச் சாரத்திலும் உழைப்போர் எப்போது கைகழுவிக்கொண்டு வெளியே வருவர் என்று கணக்கிட்டு, ஒரு சிறிய சங்கம் தன் கூட்டத்துக்கு நேரம் குறிக்கிறது. அதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. மக்கள் வரவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும்.

அந்த எண்ணம் நம்முடைய வங்கிகளுக்கு இருக்கின்றதா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

"வங்கி திறக்கும் நேரமெல்லாம் ஓர் அரசியலா?" என்று சிலர் புன்னகை புரியக்கூடும். பேருந்து புறப்படும் நேரம், நியாயவிலைக் கடை திறக்கும் நேரம், மருத்துவர் வந்து அமரும் நேரம் ஆகியவை யாருடைய வசதிக்காக வகுக்கப்படுகின்றன என்று கேட்பதுதான், தோழர்களே, அரசியலின் அரிச்சுவடி!

திருப்பூரை எண்ணிப் பாருங்கள். பனியன் தொழிலில் காலை எட்டரை மணிக்குள் நுழைந்த தொழிலாளி, ஒன்றரை ஷிப்டு முடித்து வெளியேறும்போது இரவு எட்டரை ஆகிறது. வங்கியின் கதவோ, பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு அடைபடுகின்றது. வாரக் கூலி கைக்கு வருவது சனிக்கிழமை மாலை. அப்போது வங்கி இல்லை. மறுநாள் ஞாயிறு; தொழிலாளிக்கும் விடுமுறை, வங்கிக்கும் விடுமுறை. திங்கட்கிழமை இருவரும் ஒரே வேளையில் கதவு திறக்கின்றனர். அவன் ஆலைக்கதவுக்குள், வங்கியோ தன் கதவுக்குள்! தண்டவாளங்கள் இரண்டும் அருகருகே ஓடும். ஆனால் ஒருநாளும் சந்திப்பதில்லை. உழைப்பாளியின் நேரமும் வங்கியின் நேரமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார், கணவரை இழந்தவர், தையல் எந்திரத்தின் முன் பகலெல்லாம் அமர்ந்து பிள்ளையைப் படிக்கவைப்பவர். அடையாளச் சான்று புதுப்பிக்கப்படவில்லை என்ற காரணத்தால் அவருடைய கணக்கு ஒருநாள் நிறுத்திவைக்கப்பட்டது. உள்ளே இருந்தது அவருடைய சொந்தப் பணம். உணவு இடைவேளையில் ஓடினார்; அங்கும் உணவு இடைவேளை! மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுச் சென்றார். "ஆதார் நகல் போதாது, நிழற்படமும் வேண்டும்" என்றனர். மூன்றாம் முறை சென்றார். மீண்டும் அரை நாள் கூலி போயிற்று. இதற்கிடையில் பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு வந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்குக் காதணியைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார்.

என்னிடம் அவர் கேட்டார்: "அடகுக்கடை ராத்திரி ஒம்பது மணிக்கும் தொறந்திருக்குதுங்க, பேங்கு மட்டும் ஏனுங்க நாலு மணிக்கே சாத்திப்போடுறாங்க?"

பொருளாதாரம் படித்த பேராசிரியர்கள் பல பக்கங்களில் எழுதக்கூடியதை அந்தத் தாய் ஒரே வரியில் கேட்டுவிட்டார். வட்டிக்காரனுக்குக் கதவு இல்லை. ஆகவே பூட்டும் இல்லை. அவன் சனிக்கிழமை மாலை உங்கள் தெருவுக்கே வருகிறான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கிறான். கந்துவட்டியைத் தடுப்பதற்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வட்டிக்காரனைத் தடுக்கலாம், தேவையைத் தடுக்குமா? தேவை வரும் நேரத்தில் வங்கி பூட்டியிருந்தால், வட்டிக்காரன் திறந்திருப்பான்!

கணக்குத் தொடங்குக என்று நம்மை அழைத்தவர் யார்? அரசே அழைத்தது. 1969 ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980இல் மேலும் 6 வங்கிகள் ஆயின. செல்வர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த வங்கி, சிற்றூருக்கும் சேரிக்கும் வரும் என்றனர். வந்தது, அதை நாம் மறுக்கவில்லை, மறக்கவுமில்லை. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் தொடங்கியது. கணக்கில்லாதவர் எவரும் இருத்தலாகாது என்றனர். கூலி கணக்கில், எரிவாயு மானியம் கணக்கில், முதியோர் உதவித்தொகை கணக்கில், மாணவர் உதவித்தொகை கணக்கில். நன்று! கைக்கும் காசுக்கும் இடையே நின்ற இடைத்தரகர் ஒழியட்டும்! ஆனால் இடைத்தரகர் நின்ற இடத்தில் இப்போது ஒரு பூட்டு தொங்குகிறதே, அதை யார் ஒழிப்பது?

"விடுமுறை நாளில் வங்கியைத் திறப்பது இயலாத காரியம்" என்பர். இயலாதா? நினைவைச் சற்றே பின்னோக்கிச் செலுத்துங்கள். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. அடுத்து வந்த 12ஆம் நாள் இரண்டாம் சனிக்கிழமை. 13ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவ்விரு நாள்களிலும் நாடெங்கும் வங்கிகள் திறந்திருந்தன! 2024 மார்ச் 31 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிதியாண்டின் கடைசி நாள். அரசின் வரவு செலவைக் கவனிக்கும் வங்கிக் கிளைகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது, திறந்திருந்தன. அரசுக்குத் தேவை ஏற்பட்டால் ஞாயிறும் வேலை நாள். உழைப்பவனுக்குத் தேவை ஏற்பட்டால் மட்டும் ஞாயிறு ஞாயிறாகவே இருக்கவேண்டுமா?

"சட்டம் இடம் தராது" என்பர். சட்டம் என்ன சொல்கிறது? வாடிக்கையாளர் சேவை குறித்து ரிசர்வ் வங்கி 2015 ஜூலையில் வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். வங்கி இன்ன நேரத்தில்தான் இயங்கவேண்டும் என்று சட்டம் எதையும் விதிக்கவில்லை, வாடிக்கையாளர்க்கு முன்னறிவிப்புத் தந்து தனக்கு ஏற்ற நேரத்தை வங்கியே குறித்துக்கொள்ளலாம், இரண்டு ஷிப்டாக இயங்கலாம், ஞாயிறல்லாத வேறொரு நாளை வார விடுமுறை ஆக்கிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமையும் திறக்கலாம், சிற்றூர்க் கிளைகள் உள்ளூரின் தேவைக்கேற்ப நேரத்தையும் விடுமுறையையும் வகுத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டது. வார நாளில் குறைந்தது 4 மணி நேரம் பொதுமக்களுக்காக இயங்கவேண்டும் என்றும் அதிலேயே கூறப்பட்டது. தோழர்களே, குறைந்தது நான்கு! குறைந்த அளவைக் கூறியதே தவிர, அதைக் காலையில்தான் தரவேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. கதவை அடைத்தது சட்டமன்று, பழக்கம்!

இப்பழக்கத்தை உடைத்த வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில், ஏழைகளின் சேமிப்புக்கென்று இருந்த வங்கிகள் பல, வாரத்தில் சில மணி நேரமே திறந்தன. சனிக்கிழமை கூலி வாங்கிய ஆலைத் தொழிலாளி, அதைச் சேமிக்க இடமின்றிச் சாராயக் கடையைக் கடந்து வீடு செல்லவேண்டியிருந்தது. ஹட்டர்ஸ்ஃபீல்டு என்னும் ஆலை நகரத்து வங்கி அலுவலர் சார்லஸ் சைக்ஸ் இதைக் கண்டார். அஞ்சலகமே சேமிப்பு வங்கியாக வேண்டும் என்று வாதாடினார். நிதியமைச்சராயிருந்த கிளாட்ஸ்டன் அதை ஏற்றார். 1861இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி பிறந்தது. நம் நாட்டில் 1882இல் அது தொடங்கியது. உழைப்பவன் வரக்கூடிய இடத்தில், வரக்கூடிய நேரத்தில் வங்கி இருக்கவேண்டும் என்பது இன்று நாம் கண்டுபிடித்த புதுமையன்று. நூற்றாண்டுக்கு மேற்பட்ட உண்மை!

அடுத்து ஒரு விடை சொல்வர்: "ஏ.டி.எம். இருக்கின்றதே! கையிலே கைபேசி இருக்கின்றதே!" ஏ.டி.எம். எப்படி வந்தது தெரியுமா? 1967 ஜூன் 27ஆம் நாள் இலண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி பணம் வழங்கும் எந்திரத்தை நிறுவியது. அதை ஆக்கியவர்களுள் முன்னின்றவர் ஜான் ஷெப்பர்டு பாரன். நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். சற்றே தாமதமாக வங்கிக்குச் சென்று, கதவு அடைபட்டிருக்கக் கண்டு, தம் பணத்தைத் தாமே எடுக்க இயலாமற்போன எரிச்சலில்தான் அந்த எண்ணம் பிறந்தது என்று அவரே பின்னாளில் கூறினார். பூட்டிய கதவு ஒரு நிறுவன மேலாளரை எரிச்சலூட்டியபோது உலகத்துக்கு ஓர் எந்திரம் கிடைத்தது. அதே கதவு கோடிக்கணக்கான உழைப்பாளிகளை எரிச்சலூட்டும்போது கிடைப்பது என்ன? "நாளைக்கு வா" என்ற சொல்!

எந்திரத்தை நான் இகழவில்லை. 2016இல் வந்த யு.பி.ஐ. முறை, தேநீர்க் கடை வரைக்கும் பணத்தைக் கொண்டு சேர்த்தது. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் முறையில் இரவும் பகலும், விடுமுறை நாளிலும், பணம் அனுப்ப முடிகிறது. பணத்துக்கு இரவில்லை, பகலில்லை, ஞாயிறில்லை. ஆனால் பணத்தின் சொந்தக்காரனுக்கு உண்டு! நிறுத்திவைக்கப்பட்ட கணக்கை ஏ.டி.எம். திறக்குமா? இறந்துபோன கணவரின் கணக்கிலுள்ள தொகையை, வாரிசு கேட்டால், எந்திரம் எண்ணித் தருமா? உழைத்து உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை கருவியிலே பதியவில்லையென்றால், அதற்கு விடை சொல்வது எந்தக் கைபேசி? சிறுகச் சிறுக எடுப்பவன் ஏழை. இலவச முறைகள் தீர்ந்தபின் எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை வாங்கலாம் என்று 2025 மே முதல் ஏற்பாடு வந்தது. கதவு பூட்டிய குற்றம் வங்கியினுடையது, அபராதம் நம்முடையது!

தோழர்களே! இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வளவையும் கேட்ட சிலர், "வங்கி ஊழியர்கள் சோம்பேறிகள், நான்கு மணிக்கே வீடு செல்கிறார்கள்" என்று பாயக்கூடும். அது பொய், தீங்கான பொய். கவுண்ட்டர் மூடியபின் கணக்கை முடித்து, பணத்தை எண்ணிச் சரிபார்த்து, விளக்கணைக்கும் வரை அவர் அங்கேதான் இருக்கிறார். அவரும் தொழிலாளியே. 1946 முதல் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கத்தின் கொடி பறக்கிறது. 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் அவர்களுக்கு விடுமுறையாயின. 2024 மார்ச்சில், அரசு ஒப்புதல் தந்தால் எல்லாச் சனிக்கிழமைகளையும் விடுமுறையாக்கலாம் என்று நிர்வாகங்களும் சங்கங்களும் இணங்கின. வாரத்தில் ஐந்து நாள் வேலை என்பது அவருடைய கோரிக்கை. அதைத் தட்டிப்பறித்து நமக்கு நேரம் தேடுவோமானால், ஒரு தொழிலாளியின் ஓய்வைத் திருடி மற்றொரு தொழிலாளிக்குத் தருபவர்களாவோம். அது நம் வழியன்று.

மனிதருக்கு ஓய்வு வேண்டும்; கட்டடத்துக்கு எதற்கு ஓய்வு? ஊழியர் ஐந்து நாள் உழைக்கட்டும். கிளை ஏழு நாளும் திறந்திருக்கட்டும். மருத்துவமனை அப்படித்தான் இயங்குகிறது. இரயில் நிலையம் அப்படித்தான் இயங்குகிறது. அதற்கு வேண்டியது அதிக நேரமன்று, அதிக ஆட்கள்! படித்து முடித்த இளைஞர்கள் தேர்வெழுதித் தேர்வெழுதிக் காத்திருக்கின்றனர். மாலை ஷிப்டுக்கு அவர்களை அமர்த்தினால், வேலை கேட்பவனுக்கு வேலை. வேலை முடித்து வருபவனுக்கு வங்கி. ஒரு கதவைத் திறந்தால் இரண்டு வீடுகளில் விளக்கெரியும்!

ஆகவே நாம் கேட்பது இதுதான். தொழில் மிகுந்த ஒவ்வோர் ஊரிலும் ஒரு கிளையாவது இரவு 8 மணி வரை திறந்திருக்கவேண்டும். ஞாயிறன்று திறந்து வேறொரு நாளில் விடுமுறை கொள்ளும் கிளை ஒன்றாவது வேண்டும். அதற்குப் புதிய ஊழியர்களை நியமிக்கவேண்டும். இரவில் வீடு திரும்பும் பெண் ஊழியர்க்குப் பாதுகாப்பான ஊர்தி வசதி வேண்டும். சான்று புதுப்பிக்கும் பணியை ஆலை வாயிலுக்கே கொண்டுவர வேண்டும். அதுவரை, வங்கிக்குச் செல்லும் நேரத்துக்குக் கூலி பிடித்தல் கூடாது என்று முதலாளிகளைக் கேட்கவேண்டும்.

இதற்கு நீங்கள் செய்யவேண்டியது என்ன? உங்கள் வட்டாரத்தில் எத்தனை கிளைகள், அவை எப்போது திறக்கின்றன, எப்போது அடைக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கெதிரே உங்கள் ஊர் ஆலைகளின் ஷிப்டு நேரத்தை எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால், மேடைப் பேச்சுத் தேவையில்லை; தாளே பேசும்! முதலில் அதை வங்கி ஊழியர் சங்கத் தோழர்களிடம் காட்டுங்கள். அவர்களைப் பகைத்தல்ல, துணைக்கொண்டு செல்லுங்கள். பின்னர் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் வங்கியாளர் ஆலோசனைக் குழுவின் முன் அதை வைக்கச் சொல்லுங்கள். "சட்டம் இடம் தரவில்லை" என்று எவரேனும் கூறினால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பணிவோடு கேளுங்கள். பணிவோடுதான் கேட்கவேண்டும், ஆனால் விடை கிடைக்கும்வரை கேட்கவேண்டும்.

அந்தத் தாய்க்கு நான் அன்று விடை சொல்லவில்லை. சொல்ல என்னிடம் விடையில்லை. கணக்கு மீண்டும் திறந்தது. காதணி வட்டியோடுதான் திரும்பியது. அடுத்த முறை அவர் இரவு எட்டரை மணிக்குத் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கும்போது, வட்டிக்கடை விளக்குக்கு எதிரே வங்கியின் விளக்கும் எரியவேண்டும். அன்றுதான் அவருடைய கேள்விக்கு நாம் விடை சொன்னவர்களாவோம்.