விடுகைப் பத்திரத்தில் ஒரு வரி
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் காலத்து விடுகைப் பத்திரத்தில் 'நடத்தை' என்று ஒரு வரி இருந்தது. பெறுபேற்றுக்கு முன் அம்மாமார் அதைத்தான் பார்ப்பார்கள். 'அமைதியானவர், அடக்கமானவர்' என்றிருந்தால் வீட்டில் நிம்மதி. பௌதிகவியல் பாடத்தில் விடாமல் கேள்வி கேட்ட ஒருத்திக்கு 'வாய்க்காரி' என்று நாங்களே பட்டம் வைத்தோம். அவள் என்ன கேட்டாள் என்பது இன்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. பட்டம் நினைவிருக்கிறது.

மேரி கியூரியின் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். 1911 ஆம் ஆண்டை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பௌதிகவியலுக்கான நோபல் பரிசை 1903 இலேயே பெற்றிருந்த அவர், அந்த ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கான தெரிவில் சொற்ப வாக்குகளால் தோற்றார். நவம்பரில் பரிஸ் பத்திரிகைகள் அவரையும் போல் லாஞ்சவெனையும் இணைத்து எழுதின. லாஞ்சவென் பௌதிகவியலாளர், மணமானவர்; மேரியோ கணவரை இழந்து ஐந்து ஆண்டுகள். குடும்பத்தைக் குலைத்த அந்நியப் பெண் என்று ஏசினார்கள். வீட்டின் முன் கூட்டம் கூடியது. அதே வாரத்தில்தான் அவருக்கு இரண்டாவது நோபல் பரிசு, இரசாயனவியலுக்காக, அறிவிக்கப்பட்டது.

சுவீடனிலிருந்து அரீனியஸ் கடிதம் எழுதினார்: பரிசு பெற வராமலிருப்பது நல்லது என்று. அவரும் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிதான்! இரேடியத்தையும் பொலோனியத்தையும் கண்டுபிடித்ததற்கே இப்பரிசு, என் சொந்த வாழ்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற கருத்தில் மேரி பதில் எழுதினார். டிசம்பரில் ஸ்டொக்ஹோம் போனார், உரையாற்றினார், எது தன் வேலை என்பதைத் தெளிவாகச் சொன்னார். திரும்பி வந்து நோயில் விழுந்தார். லாஞ்சவெனோ 1934 இல் அதே விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார். அவரைக் குறை சொல்ல வரவில்லை, நல்ல விஞ்ஞானி. அவருடைய 'நடத்தை' வரியை யாரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1967 இல், கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜொசலின் பெல் துடிப்பு விண்மீன்களின் சமிக்ஞையைக் கண்டார். செய்தியாளர்கள் விஞ்ஞானத்தை அவருடைய மேற்பார்வையாளரிடம் கேட்டார்கள். இவரிடம் உயரத்தையும் காதலனையும் பற்றிக் கேட்டார்கள். 1974 இல் நோபல் பரிசும் மேற்பார்வையாளருக்கே, இன்னொருவருடன் சேர்த்து. 2018 இல் தனக்குக் கிடைத்த முப்பது இலட்சம் டொலர் பரிசை அவர் பௌதிகவியல் ஆய்வு மாணவர்களின் புலமைப்பரிசிலுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று எங்களில் பலர் பிள்ளைகளுக்கு நற்சான்றுப் பத்திரம் எழுதும் இடத்தில் இருக்கிறோம். இந்த உரைக்காகப் பழைய பிரதி ஒன்றை எடுத்துப் பார்த்தோம். 'பணிவு' மூன்று இடத்தில் இருந்தது. பௌதிகவியலில் அந்தப் பிள்ளை செய்த செயற்றிட்டத்தைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டோம். முக்கால் மணித்தியாலம் சொன்னாள். அதன் பிறகு திரும்ப எழுதினோம்.