குவளாலத்துக் கல்லெழுத்துகள்

கோலார் தங்கவயல் என்றதும் தமிழ் மக்களுக்குச் சுரங்கமே நினைவில் எழும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்ற நாள் தொட்டு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து பூமிக்கடியில் இறங்கியவர்கள் நம்மவர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகளும், லைன் வீடுகளும், அவற்றில் பேசப்படும் தமிழும் எஞ்சி நிற்கின்றன. ஆனால் இன்று நான் பேசப்போவது இந்த நூற்றிருபது ஆண்டுத் தமிழைப் பற்றியன்று. தங்கவயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் கோலார் நகரத்துக் கோயிற் சுவர்களில் ஆயிரம் ஆண்டுகளாக இருந்துவரும் தமிழைப் பற்றியும், அதனை எவ்வாறு காப்பது, எவ்வாறு பொருள் கொள்வது என்பன குறித்து எழும் வழக்குகளைப் பற்றியுமே பேச விழைகிறேன்.

கோலாருக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் குவளாலம். கங்க மன்னர்கள் தம்மைக் குவளாலபுரத்துத் தலைவர் என்று பெருமையுடன் கூறிக்கொண்டனர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கவாடி சோழர் ஆட்சிக்குட்பட்டபோது இப்பகுதி நிகரிலி சோழ மண்டலம் என்னும் பெயர் பெற்றது. ஊரின் நடுவே உள்ள கோலாரம்மா கோயில், அக்காலத்துச் சாசனங்களில் பிடாரியார் கோயில் எனப்படுகிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், செங்கல்லாக இருந்த கட்டடம் அவன் ஆணைப்படி கல்லால் எடுப்பிக்கப்பட்டது. முதற் குலோத்துங்கனுடைய தொடக்க ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட நீண்ட சாசனம் ஒன்று, கோயிலில் யார் யாருக்கு எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. யோகினியர் வழிபாட்டுக்கும் அதில் இடமுண்டு. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பங்குண்டு. காவல் தெய்வத்தின் கோயிலில் இலக்கண வகுப்பு நடந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது வியப்பாகவே இருக்கிறது.

இன்று அங்குச் செல்பவர் காண்பது வேறொரு கோயில். அம்மனை நேரே நோக்காமல் கண்ணாடியில் காண்பது வழக்கம். தேளின் தெய்வமாகிய செல்லம்மாவுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. தரையிலே குடைந்த ஆழமான குழியே உண்டியல். வருகின்றவர்களுக்குக் கோலாரம்மா பார்வதியின் வடிவம். கல்வெட்டைப் படித்த அறிஞர்க்குப் பிடாரி. சிற்பங்களை ஆராய்பவர்க்கு இது சப்தமாதர் வழிபாட்டின் இடம். இவற்றுள் எது மெய் என்று கேட்டால், மூன்றும் மெய் என்பதே என் கருத்து. ஆயினும் கோயில் வாயிலில் நடப்படும் பலகையில் மூன்றையும் எழுத இடம் இராது. எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் பூசல் தொடங்குகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு சொல் எப்போதும் இடர்ப்பாடு தருகிறது. தொல்பொருள் துறையினர் கூறும் பாதுகாப்பு வேறு. நாம் கூறும் திருப்பணி வேறு. 1923ஆம் ஆண்டில் சர் ஜான் மார்ஷல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, பழையதைப் பழையதாகவே நிறுத்த வேண்டும், சிதைந்த இடத்தில் புதியதைப் புனைந்து வைத்தல் கூடாது என்பதைக் கொள்கையாக வகுத்தது. திருப்பணியோ புதுக்குவது, வண்ணம் பூசுவது, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்வது. பக்தர் கண்ணுக்கு வண்ணம் மங்கிய கோயில் கைவிடப்பட்ட கோயில்; ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு வண்ணம் பூசிய கல்வெட்டு அழிந்த கல்வெட்டு. ஆங்கிலக் கோப்பில் ஒரு சொல்லால் குறிக்கப்படும் செயலை நாம் தமிழில் எந்தச் சொல்லால் குறிக்கிறோமோ, அதற்கேற்பக் கேட்பவரின் நீதியும் மாறிவிடுகிறது.

இராசேந்திரன் செய்ததை இன்றைய சட்டப்படி பாருங்கள். கோலாரம்மா கோயிலும், அதன் அருகேயுள்ள விசயநகரக் காலத்துச் சோமேசுவரர் கோயிலும் மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. செங்கற்கோயிலைப் பிரித்துக் கற்றளி ஆக்கிய அரசன் இன்று வந்தால், அவன்மேல் வழக்குத் தொடரவேண்டியிருக்கும். செம்பியன் மாதேவியாரும் அவ்வாறே பல செங்கற்கோயில்களைக் கல்லாக்கினார். ஆனால் அவர் காலத்துத் திருப்பணியாளர்கள் ஒன்று செய்தார்கள். திருக்கோடிகாவலில் பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்து, இவை பழங்கற்களின் படி என்ற குறிப்போடு புதிய சுவரில் மீண்டும் வெட்டி வைத்தனர். கட்டடம் மாறலாம்; ஆவணம் மாறலாகாது என்ற அறிவு அவர்களிடம் இருந்திருக்கிறது. நம் காலத்திலோ சில கோயில்களில் மணல் வீச்சு எந்திரத்தால் சுவரைத் தூய்மை செய்யப்போய், எழுத்தும் சேர்ந்து உதிர்ந்தது.

சட்டத்தின் மறுபக்கமும் உண்டு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்பலாம். கோலாரைப் போன்ற பழைய ஊரில் இந்த எல்லைக்குள் வீடுகள் இருப்பது இயல்பு. மழைக்கு ஒழுகும் கூரையை மாற்ற மனுப்போட்டுக் காத்திருப்பவரிடம் போய்ச் சோழர் கலையின் பெருமையைப் பேசினால், அவர் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்? பழமையைக் காக்கும் செலவை அரசும் அறிஞரும் ஏற்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் மிகுதியாக ஏற்கிறார். இதைச் சொல்லாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இத்தகைய பூசல்கள் நம் நாட்டில் மட்டும் நிகழ்பவை அல்ல. கோலாரில் சுரங்க உரிமம் பெற்ற மைக்கேல் லவெல் அயர்லாந்துப் படைவீரர். அவருடைய நாட்டிலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். பழங்கால அரசர்களின் இருக்கையாகப் போற்றப்படும் தாரா குன்றை, 1899 முதல் 1902 வரை ஒரு கூட்டத்தார் தோண்டினர். விவிலியத்தில் வரும் உடன்படிக்கைப் பேழை அங்கே புதைந்திருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கவிஞர் யேட்சு முதலியோர் பத்திரிகையில் கண்டித்து எழுதினர். பேழை கிடைக்கவில்லை, குன்றுக்குக் காயம் கிடைத்தது. பின்னர் டப்ளின் நகரில் உட் கீ என்னும் இடத்தில் நகராட்சி அலுவலகம் கட்டத் தோண்டியபோது, வைக்கிங் மக்களின் குடியிருப்பு வெளிப்பட்டது. 1978ஆம் ஆண்டு செப்டம்பரில் சுமார் 20,000 பேர் அதைக் காக்கக் கோரி ஊர்வலம் சென்றார்கள். முன்னின்றவர் இடைக்கால வரலாற்றுப் பேராசிரியரான ஒரு துறவி. ஆயினும் அலுவலகம் எழுந்தது. வைக்கிங்குகள் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் என்றே அயர்லாந்தின் பள்ளிப் பிள்ளைகள் படித்தவர்கள். அந்தப் படையெடுப்பாளரின் குடிசைகளுக்காகத்தான் அத்தனை பேர் தெருவில் இறங்கினர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோலாருக்குத் திரும்பும்போது அது பயன்படும்.

பேழையைத் தேடியவர்களைப் போன்றவர்கள் நம்மிடையேயும் இருக்கின்றனர். புதையல் இருக்கிறதென்று நடுகல்லைப் பெயர்ப்பதும், இலிங்கத்தின் பீடத்தை உடைப்பதும் கர்நாடகத்துச் சிற்றூர்களில் அடிக்கடி கேள்விப்படும் செய்தி. தங்கம் விளைந்த மண் என்ற பெயர் பெற்ற மாவட்டத்தில் அந்த ஆசைக்குக் கேட்பானேன்!

இனி, பொருள் கொள்ளும் வழக்குக்கு வருவோம். முல்பாகலுக்கு அருகில் அவனி என்னும் ஊர் இருக்கிறது. வால்மீகி முனிவரின் ஆசிரமம் அங்கே இருந்ததென்றும், சீதை இலவனையும் குசனையும் அங்கே ஈன்றாள் என்றும் மக்கள் நம்புகின்றனர். அங்குள்ள இராமலிங்கேசுவரர் கோயில் தொகுதியில் இராமன், இலக்குவன், பரதன், சத்துருக்கன் ஆகியோர் பெயரால் கோயில்கள் உள்ளன. கல்வெட்டுகளோ நொளம்ப அரசர்களையும், 10ஆம் நூற்றாண்டில் நாற்பது ஆண்டுக்காலம் அத்தலத்தை ஆண்டு, ஐம்பது கோயில்களையும் இரண்டு பெரிய ஏரிகளையும் அமைத்த திரிபுவனகர்த்தர் என்னும் சைவத் தவசியையும் கூறுகின்றன. சீதையை வணங்க வருபவரிடம் நொளம்பரைப் பற்றிச் சொல்வோர் சிலரே. அதனால் வணக்கம் குறையாது. ஆனால் ஐம்பது கோயில் கட்டிய ஒருவரின் பெயர் மறைந்துபோகிறது.

மொழியின் பெயரால் எழும் வழக்கு இதைவிடக் கூர்மையானது. லூயி ரைஸ் துரை 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட கோலார் மாவட்டத் தொகுதியைக் கொண்டு அறிஞர் கணக்கிட்டபடி, இம்மாவட்டத்துக் கல்வெட்டுகள் 1,347. அவற்றுள் கன்னடம் 714, தமிழ் 422, தெலுங்கு 211. இதில் 422ஐ மட்டும் எடுத்துச் சொல்லி மார்தட்டுவோர் நம்மில் உண்டு. 714ஐ மட்டும் எடுத்துச் சொல்லி, மற்றவை அன்னியர் ஆட்சியின் அடையாளம் என்று ஒதுக்குவோர் அந்தப் பக்கத்திலும் உண்டு. இரு திறத்தாரும் கல்வெட்டைப் படிப்பதில்லை, எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

படித்துப் பார்த்தால் கதை மாறும். ஹொய்சளர் துவாரசமுத்திரத்தில் இருந்து ஆண்ட கன்னட அரசர். அம்மரபில் வந்த இராமநாதனுடைய சாசனங்கள் கோலார்ப் பகுதியில் தமிழில் உள்ளன. மூன்றாம் வீரவல்லாளன் 1301ஆம் ஆண்டில் கோயில்களுக்கு வரிநீக்கம் அளித்துப் பிறப்பித்த ஆணை, இப்பகுதியின் பல ஊர்களில் தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. வென்றவன் மொழியைத் திணித்த சான்று என்று இதைக் கொள்ள முடியாது. ஊரார் எந்த மொழியில் படிப்பார்களோ அந்த மொழியில் அரசன் எழுதினான். எளிய நிருவாக அறிவு! தஞ்சைப் பெரிய கோயிலில் 1803ஆம் ஆண்டு வெட்டப்பட்ட மராட்டிக் கல்வெட்டு, போன்சலே மரபின் வரலாற்றையே சுவர் நிறையக் கூறுகிறது. அது மராட்டிச் செல்வமா, தஞ்சைச் செல்வமா என்று கேட்டால் தஞ்சையார் என்ன சொல்வார்களோ, அதையே கோலார்க் கன்னடரும் தமிழ்க் கல்வெட்டுகளைக் குறித்துச் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் நாம் மகிழ வேண்டுமேயன்றி மனம் வருந்தலாகாது.

அண்மையில் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்றையும் நேயர்கள் அறிந்திருப்பீர்கள். மத்தியக் கல்வெட்டுத் துறையின் தலைமை அலுவலகம் 1966ஆம் ஆண்டில் உதகையிலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. அதனுடன் பல்லாயிரம் தமிழ்க் கல்வெட்டுகளின் மசிப்படிகளும் சென்றன. கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மையிட்டு எடுக்கும் படிகள் அவை. கல் தேய்ந்து மறைந்த பின்பு படிதான் மூலம். அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டுமென 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தமிழ் கற்றவர் எளிதில் அணுகும் இடத்தில் அவை இருப்பது நல்லதே. ஆயினும் கோலார்க் கல்வெட்டைப் பொறுத்தமட்டில் தாள் எங்கே இருக்கிறது என்பதைவிடக் கல் எங்கே இருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கல் கோலாரில்தான் இருக்கும். அதன்மேல் சுண்ணாம்பு படுகிறதா, எண்ணெய் படுகிறதா, விளம்பரத்தாள் ஒட்டப்படுகிறதா என்று பார்க்கக்கூடியவர் அங்கே வாழ்பவரே.

இந்த இடத்தில் நன்றியுடன் குறிப்பிடத்தக்க பணி ஒன்று உண்டு. 1909ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெங்களூர் மித்திக் சொசைட்டியார், 2021 முதல் பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் கணினியில் பதிந்து வருகின்றனர். சாக்கடை ஓரத்திலும் வயல் வரப்பிலும் கிடந்த கற்களைத் தேடிக் கண்டு, கன்னடக் கல்லென்றும் தமிழ்க் கல்லென்றும் வேறுபாடு பாராமல் பதிகின்றனர். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர்கள் பலர், தமிழ்க் கல்லைக் கழுவி நிமிர்த்தி நாட்டுகின்றனர். நம் பிள்ளைகளோ, தமிழ் பேசத் தெரிந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக வளர்கிறார்கள். தில்லியிலும் மும்பையிலும் இந்நிலையை நேயர்கள் உங்கள் வீட்டிலேயே காண்பீர்கள். தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் படித்த மூத்தோர் இன்னும் இருக்கிறார்கள். கிரந்த எழுத்துச் சிலவற்றை அறிந்துகொண்டால், அவர்கள் சில வாரங்களில் சோழர் காலத் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கலாம். அத்தகைய ஒருவர் பிடாரியார் கோயிற் சுவரைப் படித்துக் கன்னட நண்பருக்குப் பொருள் சொன்னால், பலகையில் எழுத இடமில்லாத செய்தியும் ஊரில் உலவும்.

கோலார்ப் பக்கம் வருவோர்க்கு ஒரு குறிப்பு. பலரும் தங்கவயலுக்கு அருகில் கம்மசந்திரத்தில் உள்ள 108 அடி இலிங்கத்தைக் கண்டு திரும்பிவிடுகிறார்கள். காலையில் கோலாரம்மா கோயிலையும் சோமேசுவரர் கோயிலின் கலியாண மண்டபத்துத் தூண்களையும் பார்த்து, பகலில் அவனிக்குச் சென்று, மாலையில் பேத்தமங்கலத்து ஏரிக்கரையில் நில்லுங்கள். பாலாற்று நீர் நிற்கும் ஏரி அது. சாசனங்களில் அவ்வூர் விசயாதித்தமங்கலம். உடைந்த அதன் கரையை நொளம்பர் காலத்திலும் பின்னர் ஹொய்சளர் காலத்திலும் செப்பனிட்டிருக்கிறார்கள். தங்கச் சுரங்கத்துக்கும் லைன் வீடுகளுக்கும் குடிநீர் வந்தது அந்த ஏரியிலிருந்துதான்.