கொள்முதலில் எழுவாய் எங்கே?



மொழியியல் பயின்றவருக்குக் கொள்முதலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். தலைப்பை நாமே தேர்ந்துகொண்டோம். ஒரு நிறுவனம் தனக்குப் பொருள் வழங்குவோரை எவ்வாறு தெரிந்தெடுக்க வேண்டும்? விலையும் தரமும் பார்த்தால் போதுமா? அப்பொருளுக்காகக் காடு என்ன ஆயிற்று, தொழிலாளர் என்ன ஆனார் என்பதையும் கேட்க வேண்டுமா? இவை வணிகர்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. பள்ளியும் பொருள் வாங்குகிறது, இம்மன்றமும் வாங்குகிறது.

இலக்கணத்திலிருந்து தொடங்குகிறோம், நெடுநாள் பழக்கம், பொறுத்தருள்க. செயப்படுபொருளையே செய்தவர்போல வைத்துச் சொல்வதும் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறுகிறது. 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்வதில்லை. மெழுகியவர் ஒருவர் உண்டு. அவரைச் சொல்லாமல் விட்டாலும் குறையில்லை. ஏனெனில் அவ்வீட்டில் மெழுகுபவர் யார் என்பது கேட்போர்க்குத் தெரியும்.

வணிக ஆவணங்களில் செய்தவர் மறைவது இவ்வாறன்று. 'பொறுப்புடன் பெறப்பட்ட மூலப்பொருள்', 'உரிய முறையில் அமர்த்தப்பட்ட தொழிலாளர்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். பெற்றவர் யார், யாரிடமிருந்து பெற்றார், அமர்த்திய முகவர் யார், அவருக்குப் பணம் கொடுத்தவர் யார்? அச்சொற்றொடர்களில் எழுவாய் இல்லை. இங்கே கேட்போர்க்கும் அது தெரியாது. வழங்குநரைப் பொறுப்பறிந்து தேர்ந்தெடுத்தல் என்பது, மொழியியலார் பார்வையில், விடுபட்ட எழுவாயைக் கேட்டு வாங்குவதுதான்.

இதனை நாம் பிறர்க்குச் சொல்லும் தகுதியைத் தாமதமாகவே பெற்றோம். 2015ஆம் ஆண்டிற்குச் சில ஆண்டுகள் முன்னர், ஒரு கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பை அச்சிடும் குழுவில் இருந்தோம். மூன்று அச்சகத்தார் விலைப்புள்ளி தந்தனர். மூவரிடமும் தாள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். இருவர் 'தரமான தாள்' என்றனர். மூன்றாமவர் சிறிய அச்சகம் நடத்துபவர். "எனக்குத் தெரியாது ஐயா, தாள் வணிகரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். பத்து நாள் கழித்து, ஆலையின் பெயரும் சான்றிதழ் எண்ணும் எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய விலை மற்றவர்களுடையதைவிடச் சற்று அதிகம். குழு குறைந்த விலையைத் தெரிந்தது. நாமும் கை தூக்கினோம்.

பிறகு 2015 வந்தது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மூண்ட தீயின் புகை வாரக்கணக்கில் இங்கே தங்கியது. செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர் பலருக்கும் அந்நாள் நினைவிருக்கும். எரிந்தவற்றில் கணிசமான பகுதி பீட் எனப்படும் கரிச்சதுப்பு நிலம். அது ஈரமாக இருக்கும்வரை எளிதில் எரியாது. தாள்கூழுக்கான மரங்களும் எண்ணெய்ப்பனையும் நடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் காய்ந்துபோகும். தீப்பற்றினால் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே நீரூற்றினாலும் அடியில் அணைவதில்லை.

அன்று வீட்டிலிருந்த பேரப்பிள்ளை இருமிக்கொண்டே நம் நூலடுக்கைக் கலைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அவன் கையில் அந்தக் கட்டுரைத் தொகுப்பு. அதன் தாள் எந்தக் காட்டு மரம் என்று சொல்ல நம்மிடம் ஒரு வரியும் இல்லை. சொல்ல ஆயத்தமாக இருந்தவரை நாம்தான் அனுப்பிவிட்டோம்.

அதற்கு முந்திய ஆண்டே, 2014இல், எல்லை கடந்த புகைமூட்டத்திற்கு எதிரான சட்டத்தைச் சிங்கப்பூர் இயற்றியிருந்தது. நாளொன்றுக்கு 1,00,000 வெள்ளி வரை, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை தண்டம் விதிக்க அது இடந்தருகிறது. அச்சட்டத்தில் நம்மைக் கவர்ந்தது தொகையன்று. தீ எரிந்த நிலம் எவருடையதோ அவரே காரணர் என முதலில் கொள்ளலாம். இல்லையென்றால் அவரே நிறுவட்டும் என்கிறது. 'காடு எரிந்தது' என்னும் தொடருக்குச் சட்டமே ஓர் எழுவாயை வைத்துவிட்டது!

ஆயினும் வழக்குக்கு நாளாகும். கொள்முதலுக்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை. 2015 அக்டோபரில், பசுமை முத்திரை வழங்கும் சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றம், ஓர் இந்தோனேசியத் தாள் குழுமத்தின் பொருள்களை இங்கே விநியோகித்த நிறுவனத்திற்கு அம்முத்திரையைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தியது. ஃபேர்பிரைஸ் அக்குழுமத்தின் பொருள்களைத் தன் கடை அடுக்குகளிலிருந்து அகற்றியது. கொள்முதல் அலுவலர் பலர் அதுவரை கேளாத வினா ஒன்று, சில நாள்களில் பலரும் கேட்பதாயிற்று.

மரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னோம். மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020 ஜூலையில், மலேசியாவின் மிகப் பெரிய கையுறை நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்களிடமிருந்து வரும் பொருள்களை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. கடனடிமை, அளவு மீறிய மிகைநேர வேலை, அடையாள ஆவணங்களைப் பிடித்துவைத்தல் ஆகியவை காட்டப்பட்ட காரணங்களுள் சில. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் வேலை பெறுவதற்காகக் கடன் வாங்கி முகவர்க்குக் கொடுத்த கட்டணத்தை நிறுவனம் தொழிலாளர்க்குத் திருப்பித் தந்தது. 2021 செப்டம்பரில் தடை விலகியது. வாங்குபவர் கேட்டதனால் விடை வந்தது. கேட்டுவிட்டு உடனே வேறு கடைக்குப் போயிருந்தால் அத்தொழிலாளர் கடனோடுதான் நின்றிருப்பர். ஆகவே வழங்குநரைக் கைவிடுவதைக் கடைசியில் வைக்கவேண்டும் என்பது நம் கருத்து. திருத்த நாள் குறித்துக் கொடுத்தல் முதலில் வரவேண்டும். விலையை ஆண்டுதோறும் நெருக்கிக்கொண்டே நல்லொழுக்கச் சான்றும் கேட்கும் நிறுவனங்களை நாம் மதிப்பதில்லை.

ஒருமுறை ஒரு நிறுவனம் தன் வழங்குநர்க்கான ஒழுக்க நெறிகளின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்க நம்மிடம் அனுப்பியது. 'தொழிலாளர் முறையீடுகள் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி. பிழையில்லாத தமிழ். நாம் அதனை, 'உங்கள் முறையீட்டை மனிதவள மேலாளர் கேட்டு, 14 நாளில் பதில் சொல்வார்' என்று மாற்றி அனுப்பினோம். உடனே தொலைபேசி வந்தது. "மொழிபெயர்ப்பைத்தான் பார்க்கச் சொன்னோம், வாக்குறுதி தரச் சொல்லவில்லை" என்றார் அவ்வலுவலர். பழைய வரியே அச்சேறியது. அவர் பொய் சொல்லவில்லை. இரு வரிகளுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மாணவர் பலரைவிட நன்றாக அறிந்திருந்தார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயப்பாட்டு வினை நடத்தும் நாளில், பாடநூல் எடுத்துக்காட்டுகளோடு ஒரு குறிப்பேட்டின் பின்னட்டையையும் வகுப்பிற்குக் கொண்டுசெல்லுங்கள். அதிலுள்ள வாக்கியங்களைச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். எழுவாய் கிடைக்காத இடத்தில் மாணவர் நின்றுவிடுவர். அங்கே அவர்களை வணிகருக்குக் கடிதம் எழுதச் செய்யலாம். கடிதப் பயிற்சியும் ஆயிற்று.

இவ்வுரையும் நூலாக அச்சாகும் என்று மன்றத்தார் கூறினர். தாள் எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று அச்சகத்தாரைக் கேட்டுச் சொல்லும்படி வேண்டியுள்ளோம். விடை இன்னும் வரவில்லை. வந்தால் பின்னட்டையில் அச்சிட இசைந்திருக்கிறார்கள்.

வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.