கோமாளி உடையில் வந்த போர்

(பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு மாலை நமது கிளப் ஹவுஸில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



தண்ணீர் லாரி, பார்க்கிங், லிஃப்ட் ஒப்பந்தம் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன வருட ஆண்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகள் எல்லைப் போர்க் காட்சி ஒன்றைப் போட்டார்கள். பிளாஸ்டிக் துப்பாக்கி, புகை, கொடி, பின்னணி இசை. ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். நாம் எழுந்து நின்று கை தட்டினோம், நானும்தான். அப்போது நம் பி பிளாக் அம்மா ஒருவர் மெதுவாக எழுந்து வெளியே போனார். இரண்டு நாள் கழித்து லிஃப்டில் பார்த்தபோது, "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டேன். "பிள்ளைங்க நல்லாத்தான் பண்ணாங்க. எனக்குத்தான் கை தட்ட வரலை" என்றார். அவருடைய அண்ணன் 1971 போருக்குப் போனவர். தந்தி வந்தது. உடல் வரவில்லை.

இந்த வருடமும் பிள்ளைகள் போர் நாடகம்தான் போட வேண்டும் என்கிறார்கள். கலைக்குழுவில் இரண்டு கட்சி. வேண்டவே வேண்டாம் என்று ஒரு கட்சி, அதே மாதிரி போடலாம் என்று இன்னொரு கட்சி. முப்பது வருடம் கல்லூரியில் நாடகப் பாடம் நடத்தியவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஒரு நாடகத்தின் கதையைச் சொல்கிறேன். முடிவை நீங்களே எடுங்கள்.

நாடகத்தின் பெயர் 'ஓ, வாட் எ லவ்லி வார்'. 'அடடா, என்ன அருமையான போர்!' என்று பொருள். முதல் உலகப் போரைப் பற்றிய இசை நாடகம். 1963 மார்ச் 19 அன்று லண்டனின் கிழக்கே, ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள தியேட்டர் ராயலில் முதன்முதலாக மேடையேறியது.

ஆனால் கதை அதற்கு முன்பே, ஒரு கல்லறையைத் தேடியதில் தொடங்குகிறது. சார்ல்ஸ் சில்ட்டன் என்பவர் பிபிசி வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். அவருடைய அப்பா முதல் உலகப் போரில், 1918 மார்ச்சில், 19 வயதில் இறந்துபோனார். மகன் அப்போது ஒரு வயது கூட நிரம்பாத குழந்தை. நாற்பது வருடம் கழித்து, 1958-ல், சில்ட்டன் பிரான்சின் அரஸ் நகருக்குப் போய் அப்பாவின் கல்லறையைத் தேடினார். கல்லறை இல்லை. ஒரு சுவர்தான் இருந்தது. உடல் கிடைக்காத சுமார் 35,000 பேரின் பெயர்களைச் செதுக்கிய சுவர். அதில் ஒரு வரியாக அப்பா இருந்தார்.

புதைப்பதற்குக்கூட ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு ஒரு மனிதனுக்கு என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. பதிலை அவர் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் மட்டும் தேடவில்லை, சிப்பாய்கள் பாடிய பாடல்களில் தேடினார். அந்தப் பையன்கள் தேவாலயப் பாடல்களின் மெட்டையும், அந்தக் கால ஹிட் பாட்டுகளின் மெட்டையும் எடுத்துக்கொண்டு, சேறு, பேன், பயம், மேலதிகாரி என்று தங்கள் சொந்த வரிகளைப் போட்டுப் பாடினார்கள். கேலியும் அழுகையும் கலந்த பாட்டுகள். அவற்றைத் திரட்டி 1961-ல் சில்ட்டன் ஒரு வானொலி நிகழ்ச்சி செய்தார். பெயர் 'தி லாங் லாங் டிரெயில்'.

அதைக் கேட்டவர்களில் ஒருவர் ஜெரி ராஃபிள்ஸ், 'தியேட்டர் ஒர்க்‌ஷாப்' என்ற நாடகக் குழுவின் மேலாளர். அந்தக் குழுவை நடத்தியவர் ஜோன் லிட்டில்வுட் என்ற பெண்மணி. 1953-ல் அந்தப் பழைய தியேட்டருக்குக் குடிவந்தபோது, நடிகர்களே பெயிண்ட் அடித்து, ஓட்டையை அடைத்து, மேக்கப் அறைகளிலேயே படுத்துத் தூங்கிய குழு அது. பக்கத்துத் தெருத் தொழிலாளர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது லிட்டில்வுட்டின் ஆசை.

போர் நாடகம் என்றதும் லிட்டில்வுட் போட்ட முதல் நிபந்தனை, மேடையில் காக்கி உடை கூடாது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் வெள்ளைக் கோமாளி உடையில் கறுப்புக் குஞ்சம் வைத்துக்கொண்டு பாடி ஆடும் குழுக்கள் இருந்தன. பியரோ என்பார்கள். நடிகர்கள் அத்தனை பேரும் அந்த உடையில் வந்தார்கள். சிப்பாய் வேண்டுமென்றால் ஒரு தொப்பி, ஒரு பெல்ட். அவ்வளவுதான்.

வசனமும் ஒருவர் உட்கார்ந்து எழுதியது அல்ல. நடிகர்கள் ஆளுக்கொரு பகுதியாகப் போரைப் பற்றிப் படித்துவிட்டு வந்து ஒத்திகையில் நடித்துப் பார்த்தார்கள். நின்றது நாடகத்துக்குள் வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நாடகத்தை மேடையேற்றும் முன் அரண்மனை அதிகாரி ஒருவரின் அலுவலகத்தில் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1968 வரை இந்தச் சட்டம் இருந்தது. அனுமதித்த பிரதியை மீறி மேடையில் பேசியதற்காக 1958-லேயே இந்தக் குழு நீதிமன்றம் ஏறி அபராதம் கட்டியிருக்கிறது. எனவே பயிற்சி சார்ஜெண்டாக வந்த விக்டர் ஸ்பினெட்டி, புதுச் சிப்பாய்களைத் திட்டும் காட்சியில், ஒரு வார்த்தையும் புரியாதபடி உளறியே கத்தினார். அரங்கம் சிரித்தது. கெட்ட வார்த்தை எது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை!

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மேடைக்கு மேலே ஒரு பலகை. விளக்குகளால் எழுத்து ஓடும். ரயில் நிலையத்தில் ஓடுமே, அதே மாதிரி. கீழே கோமாளிகள் சிரித்துப் பாடிக்கொண்டிருப்பார்கள். மேலே செய்தி ஓடும்: எந்த இடத்துச் சண்டை, எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு நிலம் கிடைத்தது. பின்னால் திரையில் உண்மையான போர்ப் புகைப்படங்கள். பாடுபவர்கள் அந்தப் பலகையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்ப்பது நீங்கள் மட்டும்தான். உங்கள் வாய் சிரிக்கும்போதே கண் எண்ணைப் படித்துவிடும்.

எண் என்றால் எப்படிப்பட்ட எண்? நாடகத்தில் வரும் சோம் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1916 ஜூலை 1, அந்தப் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தரப்பில் அன்று ஒரு நாள் மட்டும் இறந்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. நம் வளாகத்தில் 240 வீடுகள். வீட்டுக்கு மூன்று பேர் என்றால் 720 பேர். நம்மைப் போல கிட்டத்தட்ட 27 வளாகங்கள், காலையில் எழுந்த அத்தனை பேரும், இரவுக்குள் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாடகம் பெரிய வெற்றி. மூன்றே மாதத்தில், 1963 ஜூனில், லண்டன் நகரின் நடுவே பெரிய தியேட்டர்கள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்கு, விண்டம்ஸ் தியேட்டருக்குப் போனது. அங்கேதான் ஒரு சிக்கல். ஸ்ட்ராட்ஃபோர்டில் நாடகம் முடியும்போது ஸ்பினெட்டி முன்னால் வந்து, இந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை, உலகமெங்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்ற பொருளில் பேசிவிட்டுப் போய்விடுவார். பார்வையாளர்கள் கனத்த மனதோடு வீட்டுக்குப் போவார்கள். வெஸ்ட் எண்டில் அந்தப் பேச்சு போய், பழைய பாடல்களைத் திரும்பப் பாடி முடிக்கும்படி ஆனது. இறுக்கம் தளர்ந்து, பார்வையாளரும் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறலாம். அதே நாடகம், அதே நடிகர்கள். கடைசி மூன்று நிமிடம் மட்டும் வேறு. எது சரி என்று நாடகக்காரர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நம் கலைக்குழுவின் சண்டையும் இதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போரைக் காட்டலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. பார்த்தவரை எந்த மனநிலையில் வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்பதுதான்.

1964 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் தொடங்கி 125 காட்சிகள் நடந்தது. ஸ்பினெட்டிக்கு டோனி விருது கிடைத்தது. 1969-ல் திரைப்படமானது. இயக்கியவர் யார் தெரியுமா? ரிச்சர்ட் அட்டன்பரோ. அவர் இயக்கிய முதல் படம் இதுதான். 'காந்தி' எடுத்தது அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து. படத்தின் கடைசிக் காட்சியில் புல்வெளியில் வெள்ளைச் சிலுவைகள். கேமரா மேலே போகப் போக அவை வந்துகொண்டே இருக்கும்.

நாடகத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சிப்பாய்கள் எல்லாம் அப்பாவிகள், தளபதிகள் எல்லாம் முட்டாள்கள் என்று காட்டுவது வரலாறு அல்ல என்று வரலாற்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. அந்த ராணுவம் தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டுதான் 1918-ல் வென்றது. 2014-ல், போரின் நூற்றாண்டு தொடங்கும்போது, அப்போதைய பிரிட்டிஷ் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், இது போன்ற நாடகங்கள் போரைத் திரித்துக் காட்டுகின்றன என்று பத்திரிகையில் எழுதினார். அதே வருடம் அதே ஸ்ட்ராட்ஃபோர்டு தியேட்டரில் நாடகம் மறுபடி மேடையேறியது. ஐம்பது வருடம் கழித்தும் ஒரு அமைச்சரைக் கோபப்படுத்த முடிகிறது என்றால், அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். அதே போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் பேச்சில் எம்டன் நின்ற அளவுக்கு, செத்தவர்கள் நிற்கவில்லை. அந்தப் போரில் உயிரிழந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 74,000 பேர். பிரான்சில், சில்ட்டன் அப்பாவைத் தேடிய அரஸுக்கு அதிக தூரமில்லாத நியூவ் ஷாப்பெல்லில், 1927-ல் திறந்த ஒரு நினைவிடம் இருக்கிறது. கல்லறை இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. அவர்களுக்கும் அக்கா தங்கைகள் இருந்திருப்பார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? என் யோசனையைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் போர் நாடகம் போடட்டும். பாட்டும் சிரிப்பும் இருக்கட்டும். சண்டைக்குப் போகிறவர்கள் சிரிக்கத் தெரிந்த பையன்கள்தான். ஆனால் துப்பாக்கியும் புகையும் வேண்டாம். லிட்டில்வுட் காக்கியை எடுத்ததுபோல அதை எடுத்துவிடலாம். கொடியோடும் இசையோடும் முடிக்காமல், அதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு காட்சி வைக்கலாம். ஒரு வீட்டு வாசல். தபால்காரர் சைக்கிளை நிறுத்துகிறார். அவ்வளவு போதும். கை தட்டுவதா வேண்டாமா என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இதைச் சொல்வதற்கு முன் பி பிளாக் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சம்மதம் இல்லாமல் இந்த மேடையில் அவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தபால்காரர் சைக்கிள்ல வரலை சார். நடந்துதான் வந்தார். எங்க தெருவில அன்னைக்கு மழைத் தண்ணி" என்றார். ஆகவே சைக்கிள் வேண்டாம். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

ஒத்திகை அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே கிளப் ஹவுஸில் தொடங்குகிறது. பழைய தபால் பை யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.