உயரம் பாயும் பிள்ளை



நமது நுகேகொடையில் ஒரு பிள்ளை இருக்கிறான். பெயரைச் சொல்லோம், சொல்லாமலே உங்களிற் பலருக்குத் தெரியும். உயர்தர வகுப்பு மாணவன். கூடைப்பந்தாட்டத்தில் அவன் கைக்கு வந்த பந்து வீண்போவது அருமை. உயரம் பாய்தலிலும் அவனோடொத்த வயதினரில் அவனை வெல்ல ஆளில்லை. பரீட்சை நெருங்குகிறதே, இரண்டையும் நிறுத்திவிடலாமா என்று அவனுடைய தந்தையார் சென்ற வாரம் நம்மைக் கேட்டார். அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்ல முயல்கிறோம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்குப் போனபோது அவருக்கு வயது பதினேழு. 1956இல் மெல்பேணுக்கும் போனார். இரண்டிலும் பதக்கம் இல்லை. 1958 மே மாத இறுதியில் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். அவ்விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. அதே நாட்களில் இங்கே தமிழர் வீடுகள் எரிந்தன. கொழும்புத் தமிழர் பலர் அகதிகளாகிக் கப்பலேறி வடக்கே போயினர். முதியவர்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கே ஏறியதோ இந்த நாட்டின் கொடி.

படிப்பு என்னவாயிற்று என்பீர்கள். லொஸ் ஏஞ்சலிஸ் சர்வகலாசாலையிற் பயின்றார்; கோர்னெல் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் வேறு. 2024இல் காலமானார்.

இரு விளையாட்டும் ஒருவனுக்கு ஆகுமா? அமெரிக்கரான பில் றசல் 1956இல் மெல்பேணிலே கூடைப்பந்தாட்டத்தில் தங்கம் பெற்றவர். அவ்வாண்டிலேயே உயரம் பாய்தலில் உலகின் முன்னணி வீரருள் ஒருவராகவும் எண்ணப்பட்டார். ஆகவே ஆகும்.

ஆனால் தந்தையாரின் பயமும் பொய்யன்று. உயரம் பாய்பவன் ஒற்றைக் காலால், கம்பிக்குத் தூரமான காலால், எழும்புகிறான். உடற்பாரம் முழுவதும் அந்த ஒரு முழங்காலில் இறங்குகிறது. கூடைப்பந்திலோ சீமெந்துத் தரையில் மாலை முழுவதும் துள்ளல். முழங்காற் சிரட்டைக்குக் கீழே நோவு காணுவது இதனால்தான். நம் பிள்ளைக்கும் அது தொடங்கியிருக்கிறது. வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கிறான், கள்ளன்! இரண்டு பயிற்றுநரும் தத்தம் போட்டிக்கு அவனை இழுக்கிறார்கள். முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நாம் இருவரையும் கண்டு பேசினோம். பரீட்சை முடியும்வரை கூடைப்பந்து இல்லை. நோவு தணிந்தபின், வாரத்தில் இரண்டு நாள் மாத்திரம் பாய்ச்சல். தந்தையாரும் இசைந்தார். பையன்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

ஞாயிறு மாலை அவன் இங்கே படிக்க வருவான். பௌதிகம் கற்பிக்கக்கூடிய அன்பர் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் நம்மைக் காண வேண்டுகிறோம்.