கோலார் தங்கவயலும் மின்மாற்றிக் கையேடும்

சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து பெற்ற மின்சாரம், 1902 ஜூன் 30ஆம் நாள், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. திட்டத்தை வகுத்தவர் ஜோலி டி லாட்பினியர் என்ற பொறியாளர். அதற்கு ஆதரவு தந்த மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர், அது நிறைவேறுவதைக் காணாமலே 1901இல் மறைந்தார். அந்நாளில் இவ்வளவு நீண்ட மின்தொடர் உலகிலேயே அரிது.

இச்சாதனையில் அருவி பெற்ற புகழை மின்மாற்றி பெறவில்லை. மின்னாக்கிகள் தந்தது 2,200 வோல்ட். தொடரில் சென்றது 30,000 வோல்ட் அளவில். அழுத்தம் 14 மடங்கு உயர்ந்தால் மின்னோட்டம் 14இல் ஒரு பங்காகக் குறையும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே இழப்பு ஏறத்தாழ 200இல் ஒரு பங்காகிவிடும். மின்மாற்றி இல்லையேல் காவிரியின் ஆற்றல் வழியிலேயே கரைந்திருக்கும். அன்றைய அலைவெண் 25 சுழற்சி. இன்றைய 50 சுழற்சிக்கு வேண்டியதைப் போல இருமடங்கு குறுக்குப் பரப்புள்ள இரும்பு உள்ளகம் அதற்குத் தேவை.

வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழர் பல்லாயிரவர் உழைத்த அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. இத்தகைய இடங்களில் கைத்திறன் கையோடு போய்விடுகிறது. சுருள் சுற்றும் தொழிலாளி அறிந்ததை ஏட்டில் எழுதுவோர் குறைவு. கல்லூரி நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தரநூல்களை இலவசமாகத் தருகிறது; பகிர்மான மின்மாற்றிகளுக்கான ஐ.எஸ். 1180உம் அவற்றுள் அடங்கும். ஆனால் எட்ட வேண்டிய தரத்தை அது கூறுமே தவிர, எட்டும் வழியைக் கற்பிப்பது அதன் நோக்கமன்று.

அவ்வழியைத் தமிழில், யாரும் விலையின்றிப் பெறத்தக்க கையேடாக, பொறியாளரும் ஆசிரியரும் சுருள் சுற்றுவோரும் கூடி எழுதுவது இயலும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, முகமறியாதோரும் கூடி எழுத முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. எனினும் மின்மாற்றியில் பிழை பொறுக்காது. ஓர் எடுத்துக்காட்டு போதும். உள்ளகப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், காந்தப் பாய அடர்த்தி 1.5 டெஸ்லா, அலைவெண் 50 என்றால் ஒரு சுற்றுக்கு 3.33 வோல்ட் கிடைக்கும். 11,000 வோல்ட் சுருளுக்கு ஏறத்தாழ 3,300 சுற்றுகள் வேண்டும். 250 வோல்ட்டுக்கு 75. செம்பை மிச்சப்படுத்த எண்ணி ஒருவர் 1.8 டெஸ்லா என எழுதினால் 2,750 சுற்றுகளே போதும் எனக் கணக்கு சொல்லும். மின்வழங்கல் அழுத்தம் பத்து விழுக்காடு ஏறும் நாளில் அந்த உள்ளகம் தெவிட்டும் நிலையை நெருங்கும். சுமையில்லா மின்னோட்டம் பன்மடங்கு பெருகும். இலவசமாகப் பரவும் தவறான எண் பல பட்டறைகளில் ஒரே நேரத்தில் செம்பாக மாறிவிடும் என்பதே இதில் அச்சம்.

எனவே கையேட்டில் ஒவ்வொரு வடிவமைப்பின் அருகிலும் மூன்று அளவுகள் இருத்தல் வேண்டும்: சுற்றிய பின் சோதித்துக் கண்ட சுமையில்லா மின்னோட்டம், சுமை இழப்பு, எண்ணெயின் வெப்ப உயர்வு. சோதித்தவர் பெயரும் நாளும் உடன் நிற்க வேண்டும். சோதிக்கப்படாத கணக்கைத் தனிப் பகுதியில் வைக்கலாம். சுற்றிப் பார்த்தவர் எவரேனும் முன்வந்தால் அது இடம் மாறும்.