அபேட்சகரைத் தெரிந்தெடுப்பவர் யார்?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

தேர்தல் என்றதும் வோட்டுப் பெட்டியே நம் நினைவுக்கு வருகின்றது. அப்பெட்டியண்டை நாம் போய்ச் சேருமுன்னரே பாதித் தேர்தல் முடிந்துவிடுகின்றதென்பதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. இன்னார் நிற்கலாம், இன்னார் நிற்கலாகாதென்று கக்ஷியார் தீர்த்த பின்னர், எஞ்சியவருள் ஒருவரைக் கொள்வதே வோட்டருக்கு விட்ட வேலை. இவ்விஷயத்தில் ஐக்கிய அமெரிக்காவின் டெமாக்ரடிக் கக்ஷி பட்ட பாட்டைத் தங்கள் சமுகத்தில் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகிறேன்.

அந்நாட்டில், யார் அபேட்சகராதல் வேண்டுமென்று கக்ஷியைச் சார்ந்த சாதாரண ஜனங்களே முன்கூட்டி வோட்டுச் செய்வதுண்டு. அதற்குப் ‘பிரைமரி’ என்று பெயர். 1968-ம் வருஷத்தில் இவ்வழக்கம் சிறுபான்மையான ராஜ்யங்களிலேயே இருந்தது. மற்றவற்றில் மகாநாட்டுப் பிரதிநிதிகள் அமைவது பெரும்பாலும் தலைவர்கள் கையில் இருந்தது. ஜார்ஜியாவிலோ கக்ஷித் தலைவர் கவர்னரைக் கலந்துகொண்டு தாமே நியமித்துவிட்டார்.

அவ்வருஷம் வியட்நாம் யுத்தம் நாட்டைப் பிளந்துகொண்டிருந்தது. மார்ச்சு மாதம் நியூ ஹாம்ப்ஷயரில், யுத்தத்தை எதிர்த்த யூஜீன் மெக்கார்த்தி நூற்றுக்கு 42 வோட்டுப் பெற்றார். பதவியிலிருந்த ஜான்ஸனுக்குக் கிடைத்தது 49 தான். அம்மாத முடிவில் ஜான்ஸன் தாம் மீண்டும் நிற்பதில்லையென அறிவித்தார். ராபர்ட் கென்னடி, ஜூன் மாதம் கலிபோர்னியாவில் வென்ற இரவில் சுடப்பட்டு உயிர் துறந்தார். ஆகஸ்டில் சிகாகோ மகாநாடு கூடியபோது, ஒரு பிரைமரியிலும் பெயர் கொடாத உபபிரஸிடெண்டு ஹ்யூபர்ட் ஹம்ப்ரி முதற் சுற்றிலேயே அபேட்சகரானார். வெளியே வாலிபர்களைப் போலீஸார் அடித்ததை உலகமே டெலிவிஷனிற் கண்டது. நவம்பரில் நிக்ஸன் வென்றார். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

ஹம்ப்ரி தகுதியற்றவரல்லர். 1948-லேயே கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கக்ஷி மகாநாட்டில் வாதாடி வென்றவர். ஜனங்களைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ! கேளாமல் எடுத்துக்கொண்டதே மனக்கசப்புக்குக் காரணம்.

பின்னர் மக்கவர்ன் தலைமையில் ஒரு கமிட்டி ஏற்பட்டு விதிகள் மாறின, பிரைமரிகள் பெருகின. 1972-ல் அந்த மக்கவர்னே அபேட்சகராகி, 50 ராஜ்யங்களுள் மாஸச்சூஸெட்ஸ் ஒன்றில் மட்டுமே வென்றார். ஜனங்களிடம் விட்டால் இதுதான் கதி என்பாருண்டு. தலைவர்கள் பொறுக்கியவரும் தோற்றாரே! வெற்றி தோல்வியைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்ப்பதற்கில்லை. 1984 முதல் தலைவர்கள் தமக்கெனத் தனி வோட்டு வைத்துக்கொண்டனர். அபேட்சகரின் குணதோஷங்களை அருகிருந்து அறிந்தவர் அவரே என்பது மெய்தான். அவ்வறிவை ஜனங்கள் வோட்டுச் செய்யுமுன்னர்ப் பகிரங்கமாகச் சொல்லட்டும். வோட்டு முடிந்தபின் அதைப் புரட்டும் அதிகாரம் எதற்கு? 2018-ல் அக்கக்ஷியும் இதை ஒருவாறு ஏற்று, போட்டி தீராதிருக்கையில் அத்தலைவர்கள் முதற் சுற்றில் வோட்டளிப்பதை நிறுத்திற்று.

2024-ல் பிரைமரிகளில் வென்ற பைடன் ஜூலை மாதம் விலகினார். அவ்வருஷத்துப் பிரைமரி ஒன்றிலும் நில்லாத கமலா ஹாரிஸ், பிரதிநிதிகளின் வோட்டினால் அபேட்சகரானார். (இவ்வம்மையாரின் தாய்வழிப் பாட்டனாருக்குப் பூர்விகம் மன்னார்குடிக்கடுத்த துளசேந்திரபுரம்.) மகாநாடு கூடியதும் அதே சிகாகோவில், நவம்பரில் நேர்ந்ததும் தோல்வியே. காலம் குறுகியிருந்தது, வேறு வழியில்லை என்பார் கூற்றில் நியாயமுண்டு. ஆயின், பைடனின் முதுமையைக் குறித்துச் சாதாரண வோட்டர்கள் பிரைமரிகளுக்கு முன்னரே கவலையுற்றிருந்தனர். தலைவர்களிற் பெரும்பாலோர் வாய் திறந்தது ஜூன் மாத விவாதத்தில் அவர் தடுமாறிய பின்னரே.